உருவினால் நோ ஆறும், அசைந்தால்தான் உடம்பு திரும்பும்

(பளைப் பகுதித் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மாதக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. அன்று வர முடியாமற்போனவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க இங்கே தரப்படுகிறது.)



போன மாதக் கூட்டத்தில் சம்பளச் சீட்டு, தண்ணீர்த் தாங்கி, பள்ளிக்கூட பஸ் எல்லாம் கதைத்து முடிந்த பிறகு, பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பி, "ஐயா, எல்லாம் சரி, இந்த நாரிப்பிடிப்புக்கு ஒரு வழி சொல்லுங்கோவன்" என்று கேட்டா. எல்லாரும் சிரித்தீர்கள். ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் நாரியில் கையை ஊன்றிக்கொண்டுதான் சிரித்தீர்கள். அன்றைக்கு என்னிடம் அதற்கு மறுமொழி இருக்கவில்லை. நான் வைத்தியன் இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு இந்த வேலைக்கு வந்தவன். ஆனாலும் அந்த அம்மா கேட்டது மனதில் கிடந்தது. இந்த ஒரு மாதமாக, நோவுக்குச் சிகிச்சை செய்கிறவர்களிடம் போய்க் கேட்டும், கிடைத்த புத்தகங்களை வாசித்தும் அறிந்ததை இன்றைக்கு உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். அதோடு நான் விட்ட ஒரு பிழையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வேலையும் எங்கள் நோவும்

முதலில் எங்கள் வேலையை நினைத்துப் பாருங்கோ. தேங்காய் உரிக்கிற அண்ணை அலவாங்குக்கு முன்னால் நின்று, குனிந்து, குத்தி, இடுப்பைத் திருப்பி, திரும்பவும் குனிகிறார். காலையில் இருந்து பின்னேரம் வரை இதே அசைவுதான். பிடுங்குகிற தம்பி தளநார் போட்டு ஏறுகிறார், இல்லாவிட்டால் கொக்கத்தடியை அண்ணாந்து பிடித்தபடி மரத்துக்கு மரம் நடக்கிறார். அவருக்குக் கழுத்தும் தோள்மூட்டும் போகிறது. பொறுக்கிச் சுமக்கிற அக்காவுக்குக் கடகத்துப் பாரம் முழுக்கக் கழுத்திலும் நாரியிலும் இறங்குகிறது. கிடுகு பின்னுகிற அம்மா மணித்தியாலக் கணக்கில் குந்தியிருந்து விட்டு எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறா. இது ஒருவருடைய விதியும் இல்லை, வயது போனதால் மட்டும் வருகிறதும் இல்லை. ஒரே அசைவை ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்பச் செய்கிற உடம்பு கேட்கிற முறைப்பாடு அது.

நாரிநோ எங்களுக்கு மட்டும் வந்த வருத்தமும் இல்லை. 2020ஆம் ஆண்டில் உலகத்தில் 61 கோடி 90 இலட்சம் பேருக்கு நாரிநோ இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கிறது. அதாவது 13 பேருக்கு ஒருவர். அதே நிறுவனம் 2023 டிசம்பரில், 3 மாதத்துக்கு மேல் நீடிக்கிற நாரிநோவுக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் உடற்பயிற்சி இருக்கிறது. நோவைப் பற்றி நோயாளிக்கு விளங்கப்படுத்துவது இருக்கிறது. உருவலும் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னவற்றில் இடுப்பில் கட்டுகிற பட்டியும், எடை கட்டி இழுக்கிற வைத்தியமும் இருக்கின்றன. எங்களில் எத்தனை பேர் சம்பளக் காசில் நாரிப்பட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு திரிகிறோம்? அந்தக் காசுக்கு நல்லெண்ணெய் வாங்கியிருந்தால் சமையலுக்காவது உதவியிருக்கும்.

நாரி பிடித்தால் பாயில் கிடக்க வேணும் என்றொரு எண்ணம் எங்களிடம் இருக்கிறது. நோ கடுமையாக இருக்கிற முதல் ஒன்றிரண்டு நாள் ஆறுதல் எடுப்பதில் பிழை இல்லை. அதற்கு மேல் கிடக்கக் கிடக்க நாரியைத் தாங்குகிற தசைகள் சோர்ந்து போகும். பிறகு எழும்பினாலும் தாங்காது. மெல்ல மெல்ல நடமாடுவதுதான் மருந்து.

கை செய்கிற வேலை

இனி உருவலைப் பற்றிச் சொல்கிறேன். இது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. பிள்ளை பெற்ற தாய்க்கும் பிறந்த பிள்ளைக்கும் எண்ணெய் பூசி உருவாத கிழவி யாழ்ப்பாணத்தில் இருந்ததில்லை. சித்த வைத்தியத்தில் உள்ளுக்குக் குடிக்கிற மருந்து 32 வகை, வெளியே செய்கிற மருந்து 32 வகை என்று பிரித்திருக்கிறார்கள். வெளிமருந்தில் ஒன்றுதான் தொக்கணம். அதைத்தான் நாங்கள் உருவுதல், பிடித்துவிடுதல் என்கிறோம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று தொக்கணத்தில் 9 வகை சொல்வார்கள். கடைசிச் சொல்லைக் கவனித்தீர்களா? அசைத்தல். உருவலுக்குள்ளேயே அசைவையும் ஒரு வகையாகப் பழையவர்கள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் எண்ணெய் பூசுவதை வைத்துக்கொண்டு அசைப்பதை மறந்துவிட்டோம்.

உருவினால் ஏன் நோ குறைகிறது? கால் பெருவிரல் கல்லில் அடிபட்டால் முதலில் என்ன செய்வீர்கள்? யாரும் சொல்லித்தராமலே கை போய் அந்த இடத்தைப் பொத்தித் தடவும். தடவத் தடவ நோ கொஞ்சம் இறங்கும். 1965இல் மெல்சாக், வோல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். நோவின் செய்தி நரம்பு வழியாக முள்ளந்தண்டுக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. முள்ளந்தண்டில் ஒரு படலை இருக்கிறது என்று வையுங்கோ. தொடுகையின் செய்தி வந்து சேர்ந்தால் அந்தப் படலை கொஞ்சம் சாத்துப்படும், நோவின் செய்தி குறைவாகத்தான் மேலே போகும். பின்னால் வந்தவர்கள் அதில் திருத்தங்கள் சொன்னாலும், தடவினால் நோ ஏன் ஆறுகிறது என்பதற்கு அது நல்ல விளக்கம். இதோடு, இறுகிப்போன தசை இளகும், மனமும் ஆறும்.

ஆனால் படலை சாத்தினால் நோ கேட்காதே தவிர, நோவை உண்டாக்கின காரணம் அங்கேதான் இருக்கும். இதுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்த முக்கியமான விசயம். உருவல் நோவை ஆற்றும். சோர்ந்த தசைக்கு அது பலம் தராது. மடங்கிப் பிடித்த மூட்டை உருவல் மட்டும் நிமிர்த்தாது. அதற்கு அந்த மனிதர் தானாக அசைய வேணும், நாளாந்தம் அசைய வேணும். அதைப் படிப்படியாகச் சொல்லித்தருகிறவர்தான் இயன்மருத்துவர். பிசியோதெரபி என்று கிளினிக் துண்டில் எழுதுகிறார்களே, அதுதான்.

பிசியோதெரபி என்றதும் அது ஏதோ கரண்டு பிடிக்கிற வெள்ளைக்கார வைத்தியம் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறீர்கள். அதுவும் உருவலில் இருந்துதான் வளர்ந்தது. 1894இல் இங்கிலாந்தில் 4 தாதிமார் சேர்ந்து, முறையாக உருவப் படித்த பெண்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றைக்கு அந்த நாட்டு இயன்மருத்துவர்களின் பெரிய சங்கமாக இருப்பது அதுதான். 1914இல் தொடங்கிய முதலாம் உலக யுத்தத்தில் கை கால் இழந்தும் முறிந்தும் வந்த படையினரைத் திரும்ப நடக்க வைக்கிற வேலையில் இவர்கள் இறங்கினார்கள். உருவலோடு பயிற்சியும் சேர்ந்து அந்தத் தொழில் பெருத்தது. யுத்தம் எங்கே நடந்தாலும் இந்தத் தொழிலுக்கு வேலை வந்துவிடுகிறது. எங்களுக்குத் தெரியாத கதையா அது?

நான் கொண்டுபோன தலகணி

இப்போது என்னுடைய பிழையைச் சொல்கிறேன்.

முகமாலை, கிளாலி, நாகர்கோவில் என்று முன்னரங்கு கிடந்த மண் எங்களுடையது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு சனம் திரும்பி வந்தது. கண்ணிவெடி மண்ணுக்குள் கிடந்தது. 2011இல், அப்போது நான் இந்த வேலைக்குப் புதிது, எங்கள் தோட்டத்தில் உரிக்கிற ஒரு தம்பி லீவு நாளில் தன்னுடைய பழைய வளவில் பற்றை வெட்டப் போய் மிதிவெடியில் அகப்பட்டான். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வயது 26. ஆசுபத்திரியால் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் பார்க்கப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று பழமும், ஒரு நல்ல இலவம்பஞ்சுத் தலகணியும் வாங்கிக்கொண்டு போனேன். "தம்பி, இதைக் காலுக்குக் கீழே வைச்சுக்கொண்டு படு, சுகமா இருக்கும்" என்று நானே முழங்காலுக்குக் கீழே வைத்தும் விட்டேன். அவனுக்கு உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தது. இரவும் பகலும் அதை எடுக்கவில்லை. தாய் காலையும் மாலையும் எண்ணெய் பூசித் தடவினா. நாங்கள் எல்லாரும் நல்ல பராமரிப்பு என்று நினைத்தோம்.

இரண்டரை மாதத்தால் புண் ஆறி, செயற்கைக்கால் அளவெடுக்கக் கூட்டிக்கொண்டு போனோம். கால் செய்கிறவர் முழங்காலைப் பிடித்து நீட்டிப் பார்த்தார். நிமிரவில்லை. மடிந்தபடியே பிடித்துப்போய் இருந்தது. "ஐயா, இந்தக் காலுக்கு இப்ப கால் பூட்டேலாது. முழங்கால் நிமிர்ந்தால்தான் நிலத்திலை ஊண்டலாம். முழங்காலுக்குக் கீழை ஏதாவது வைச்சுப் படுத்தவரோ?" என்று கேட்டார். தாய் என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

தசை எப்படி என்றால், மடித்த நிலையில் வாரக் கணக்காக வைத்திருந்தால் அந்த நீளத்துக்கே குறுகிவிடும். முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவருக்கு முழங்கால் மடிந்து பிடிக்கும். தொடையில் எடுத்தவருக்கு இடுப்பு மடிந்து பிடிக்கும். அதனால்தான் தலகணி வைக்க வேண்டாம் என்றும், கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு நெடுநேரம் இருக்க வேண்டாம் என்றும், நாளைக்குச் சில தடவை குப்புறப் படுக்கும்படியும் சொல்லுவார்கள். இவ்வளவும் முதல் நாளே எனக்குத் தெரிந்திருந்தால் அந்தத் தம்பி 3 மாதத்தில் நடந்திருப்பான்.

பிறகு நடந்தது பெரும் பாடு. இயன்மருத்துவர் காட்டித்தந்தபடி ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் குப்புறப் படுத்தான். தாய் எண்ணெயை இளஞ்சூடாக்கித் தொடையின் பின்பக்கத் தசையை உருவினா. தசை இளகின கையோடு அவன் முழங்காலைத் தானே நிலத்தோடு அழுத்தி நிமிர்த்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு 10 எண்ணுவான், விடுவான், திரும்ப அழுத்துவான். உருவினது தாய், நிமிர்த்தினது மகன். இரண்டும் சேர்ந்தபடியால்தான் முழங்கால் அசைந்து கொடுத்தது. அப்படியும் 5 மாதம் எடுத்தது. அந்த 5 மாதச் சம்பளத்தை அந்தக் குடும்பம் இழந்தது. நான் அன்போடு கொண்டுபோன ஒரு தலகணியின் விலை அது. அன்பு மட்டும் காணாது, அறிவும் வேணும் என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

இன்னொன்றும் அவனிடம் கண்டேன். "ஐயா, இல்லாத காலின்ரை பெருவிரல் உளையுது" என்பான். சிலர் அதைக் கேட்டு, பயத்தில் மூளை பிசகிப் போச்சு என்று கதைத்தார்கள். அது பைத்தியம் இல்லை. உறுப்பை இழந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வருகிற நோ அது. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்குரிய இடம் போகவில்லை. மிஞ்சின காலின் நுனியை மெல்லத் தட்டுவதும், முதலில் மெதுவான துணியாலும் பிறகு கொஞ்சம் முரடான துணியாலும் தேய்த்துப் பழக்குவதும் உதவும். தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்கிற வி. எஸ். இராமச்சந்திரன் என்ற மூளை ஆராய்ச்சியாளர் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடி வைத்தியம் கண்டுபிடித்தார். இரண்டு காலுக்கும் நடுவில் முகம் பார்க்கிற கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலை அசைத்தபடி கண்ணாடியைப் பார்க்க வேணும். இழந்த கால் அங்கே அசைவது மாதிரித் தெரியும். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் பலருக்கு நோ குறைந்திருக்கிறது. செலவு ஒரு கண்ணாடிதான்.

யாழ்ப்பாணத்துக் கால்

எங்கள் குடாநாட்டில் 1987ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் கை கால் செய்து கொடுத்து வருகிறது. நடுவில் எத்தனை யுத்தம், எத்தனை இடம்பெயர்வு, எத்தனை பாதைப் பூட்டு. ஆனாலும் அந்த வேலை நின்றுபோகவில்லை. யுத்தத்தில் கால் இழந்தவர்களுக்கு மட்டும் அல்ல, சலரோகத்தால் கால் எடுத்தவர்களுக்கும், விபத்தில் அகப்பட்டவர்களுக்கும் அது போக்கிடம்.

ஜெய்ப்பூர் கால் என்ற பெயர் ஏன் வந்தது? 1960களின் கடைசியில், இராஜஸ்தானில் உள்ள ஜெய்ப்பூர் நகரத்து அரச ஆசுபத்திரியில், ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் சேர்ந்து உருவாக்கின கால் அது. மேல்நாட்டுக் காலுக்குச் சப்பாத்துப் போட வேணும், அதோடு குந்தவும் சம்மணம் கட்டவும் ஏலாது. சேற்றில் இறங்க ஏலாது. இவர்கள் இறப்பரில் பாதம் செய்தார்கள். வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், வயலுக்குள் இறங்கலாம். டாக்டர் சேத்திக்கு இதற்காக 1981இல் மகசாசே விருது கிடைத்தது. படித்த வைத்தியரும் கைத்தொழில் தெரிந்தவரும் ஒன்றாக இருந்து செய்தபடியால்தான் எங்களைப் போல நிலத்தில் இருந்து வேலை செய்கிறவர்களுக்குப் பொருந்துகிற கால் வந்தது.

ஆனால் கால் கிடைத்தால் மட்டும் நடை வந்துவிடாது. கால் எடுத்த இடத்தை முறையாகத் துணிகட்டி வடிவாக்க வேணும், மூட்டுப் பிடிக்காமல் பார்க்க வேணும், மற்றக் காலுக்குப் பலம் ஏற்ற வேணும். கால் வந்த பிறகு நடக்கவும் திரும்பப் பழக வேணும். இது எல்லாம் இயன்மருத்துவத்தின் வேலை.

உருவக் கூடாத இடங்கள்

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து மனதில் எழுதி வையுங்கோ. எங்கள் ஊரில் முறிவு நெரிவு வைத்தியத்துக்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. கைராசியான பரியாரிமாரை நானும் மதிக்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984இல் சித்த மருத்துவப் படிப்பே தொடங்கி, இன்றைக்குக் கைதடியில் போதனா வைத்தியசாலையோடு நடக்கிறது. முறையாகப் படித்த சித்த வைத்தியரும் இதையேதான் சொல்லுவார்.

முதலாவது, மரத்தால் விழுந்தவரை உருவக் கூடாது, கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கவும் கூடாது. முள்ளந்தண்டு முறிந்திருந்தால், பிழையாகத் தூக்கின அந்த நிமிசத்தில் காலுக்குப் போகிற நரம்பு நசிந்துபோகும். கிடந்தபடி கிடக்க விட்டு, தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்து, 1990 அம்புலன்சுக்குச் சொல்லுங்கோ. அந்த இலவச அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. தூக்கித்தான் ஆக வேணும் என்றால் பலர் சேர்ந்து உடம்பை ஒரே மரக்குற்றி மாதிரித் திருப்பி, ஒரு கதவுப் பலகையில் ஏற்றுங்கோ.

இரண்டாவது, அடிபட்டு வீங்கின இடத்தை, முக்கியமாகப் பிள்ளைகளின் முழங்கையை, எண்ணெய் போட்டு உருவாதேங்கோ. எலும்பு முறிந்ததோ என்று முதலில் எக்ஸ்ரே எடுக்க வேணும். நொந்த தசையைப் போட்டுக் கசக்கினால் சில வேளை தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, முழங்கை மடியாமலும் நீளாமலும் நின்றுவிடும். முறிவுக்குக் கட்டுப் போட்ட பிறகு விரல் குளிர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, விறைத்தாலோ, கட்டு இறுக்கம் என்று அர்த்தம். விடியட்டும் என்று பார்க்காமல் அந்த இரவே ஆசுபத்திரிக்குப் போங்கோ.

மூன்றாவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக நொந்தால் உருவாதேங்கோ. இரத்த நாளத்துக்குள் இரத்தம் உறைந்து கட்டியாக இருக்கக்கூடும். உருவினால் அது கழன்று நெஞ்சுக்கு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

நாலாவது, பாரிசவாதம். வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சுக் குளறினால் தைலம் தேடாதேங்கோ. இரத்தம் உறைந்து வந்த பாரிசவாதம் என்றால் அதைக் கரைக்கிற ஊசி இருக்கிறது. அதற்குத் தகுந்த நோயாளிக்கு, தொடங்கினதில் இருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேணும். நாங்கள் எண்ணெய் காய்ச்சுகிற நேரத்தில் அந்த நேரம் போய்விடும். ஆபத்துக் கட்டம் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகு உருவலும் பயிற்சியும் இரண்டும் வேணும். அப்போதும் விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதேங்கோ. தோள்மூட்டு இறங்கிவிடும்.

ஐந்தாவது, சலரோகக்காரரின் காலுக்குச் சுடு ஒத்தணம் போடாதேங்கோ. காலில் உணர்வு குறைந்திருந்தால் சுடுவது அவருக்குத் தெரியாது, தோல் வெந்து புண்ணாகும். அந்தப் புண்தான் கடைசியில் காலை எடுப்பிக்கிறது.

ஆறாவது, நாரிநோவோடு இரண்டு காலும் விறைத்து, சலமோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனால் அது நாரிப்பிடிப்பு இல்லை. அன்றைக்கே பெரிய ஆசுபத்திரிக்குப் போக வேணும்.

வீட்டில் செய்யக்கூடியது

மற்ற நாளாந்த நோக்களுக்கு, காசில்லாமல் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வேலையால் வந்து குளித்த பிறகு செய்யுங்கோ. இளஞ்சூட்டு ஒத்தணமோ கொஞ்ச உருவலோ முதலில் செய்தால் தசை இளகியிருக்கும். ஆனால் அதோடு நிற்பாட்ட வேண்டாம்.

நாரிக்கு: பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடியுங்கோ. ஒரு முழங்காலை இரண்டு கையாலும் நெஞ்சுப் பக்கம் கொண்டு வந்து 10 எண்ணி விடுங்கோ. பிறகு மற்றதை. அடுத்தது, பாதம் இரண்டும் நிலத்தில் இருக்க, இடுப்பை மட்டும் மேலே தூக்கி 5 எண்ணி மெல்ல இறக்குங்கோ. ஒவ்வொன்றும் 10 தடவை.

தோள்மூட்டுக்கு: நல்ல கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, நோகிற கையைத் தளர்வாகத் தொங்க விட்டுச் சின்ன வட்டமாக ஆட்டுங்கோ. பிறகு சுவருக்கு முன்னால் நின்று, விரல்களைச் சிலந்தி ஏறுகிற மாதிரிச் சுவரில் ஏற்றுங்கோ. எட்டின இடத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கோ. அடுத்த கிழமை அந்தக் கோட்டைத் தாண்டப் பாருங்கோ. எங்கள் கிடுகு பின்னுகிற அக்கா ஒருவ வீட்டுச் சுவரில் 7 கோடு போட்டிருக்கிறா. கடைசிக் கோட்டுக்கு அவவால் இன்றைக்குத் தன்ரை தலையைத் தானே வாரி இழுக்க முடியும்.

முழங்காலுக்கு: கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு காலை நேரே நீட்டி 5 எண்ணி இறக்குங்கோ. காலுக்கு 10 தடவை, நாளைக்கு 3 நேரம்.

செய்யும்போது கொஞ்சம் பிடிக்கும், இழுக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். செய்து முடிந்து கொஞ்ச நேரத்தில் அது ஆற வேணும். இரவெல்லாம் நோகிறது, விறைப்பு இறங்குகிறது என்றால் நிற்பாட்டிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கோ.

வேலையிலும் ஒரு சின்ன மாற்றம். உரிக்கிறவர்கள் இடுப்பை மட்டும் திருப்பாமல் காலையும் எடுத்து வைத்துத் திரும்புங்கோ. பாரம் தூக்கும்போது நாரியை வளைக்காமல் முழங்காலை மடித்து, பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கோ. குந்தி இருந்து பின்னுகிறவர்கள் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி நாலு எட்டு நடவுங்கோ. அப்படி எழும்பினதற்கு யாராவது ஏசினால் என்னிடம் வந்து சொல்லுங்கோ. அது என்னுடைய வேலை.

எங்கே போவது, எதைக் கேட்பது

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பகுதி இருக்கிறது. அரச ஆசுபத்திரியில் இதற்குக் காசு இல்லை. வைத்தியரிடம் போகும்போது குளிசை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல், "ஐயா, எனக்குப் பயிற்சி ஏதும் தேவையோ?" என்று வாய் திறந்து கேளுங்கோ. கேட்பதில் வெட்கம் இல்லை.

எங்களில் பலர் இரண்டு தரம் போய்விட்டு விட்டுவிடுகிறோம். பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போகிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒன்று செய்வோம். போகிறவர் பயிற்சியை வடிவாகப் பார்த்துப் பழகிக்கொண்டு வரட்டும், கூட ஒருவரும் போய்ப் பார்க்கட்டும். இனி ஒவ்வொரு புதன்கிழமையும் பின்னேரம் இந்த மண்டபத்தில் அரை மணித்தியாலம் சேர்ந்து செய்வோம். தனியச் செய்தால் விட்டுப்போகும், கூடிச் செய்தால் விடாது.

இன்னொன்று, வேலையில் காயம் வந்தால் அது எவ்வளவு சின்னதானாலும் அன்றைக்கே பதிவு செய்யுங்கோ. 1934ஆம் ஆண்டு முதல் எங்கள் நாட்டில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் பிறகு நிரூபிப்பது கரைச்சல். கிளினிக் துண்டு, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு ஒன்றையும் எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கோ.

கடைசியாக, அந்தத் தம்பி என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். தோட்டத்தில் தேங்காய் எண்ணுகிற வேலையில் இருக்கிறான், சைக்கிளில்தான் வருகிறான். போன வருசம் உரிக்கிற பகுதியில் ஒரு அண்ணைக்கு சலரோகத்தால் கால் எடுத்தார்கள். அவர் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் பார்க்கப் போனேன், பழம் மட்டும்தான் கொண்டு போனேன். எனக்கு முன்னமே அந்தத் தம்பி அங்கே நின்றான். காலுக்குக் கீழே வீட்டுக்காரர் வைத்திருந்த தலகணியைத் தன் கையால் இழுத்து எடுத்து, "அண்ணை, இது வேண்டாம். குப்புறப் படுங்கோ, நான் காட்டித் தாறன்" என்று சொல்லிக்கொண்டு நின்றான். அந்த அண்ணை 4 மாதத்துக்குள் கால் பூட்டி நடந்தார்.

அவனுக்கு அது தெரிந்திருந்தபடியால் இன்னொருவருக்கு 5 மாதம் மிச்சமானது. இன்றைக்கு நீங்கள் கேட்டதையும் வீட்டுக்குப் போய் நாலு பேருக்குச் சொல்லுங்கோ. பின்வரிசையில் இருக்கிற அம்மா, புதன்கிழமை முதல் ஆளாக நீங்கள்தான் வர வேணும்.